அறுபதாம் பாலமும் பதியுதீனின் கமராவும்

1

இந்தக் கதை என்னிடம் ஒரு வீடியோ கசெற்றாக வந்தது. எட்டு வருடமாக அலுமாரிக்குள் கிடக்கிறது. பலமுறை எழுதத் தொடங்கி, பலமுறை கிழித்துப் போட்டேன். முதல் தொடக்கம் இது:

"மட்டக்களப்பு வாவியின் மேல் மாலைச் சூரியன் மெல்ல மெல்ல…"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் வரியில் வாவியின் பேர்போன மீன் பாடத் தொடங்கிவிடும், நான்காம் வரியில் எனக்கே நித்திரை வந்துவிடும். அடுத்தது:

"ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யுத்தம் உக்கிரமடைந்திருந்த வேளையில்…"

இதுவும் சரியில்லை. யுத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இராசாத்தி அந்த வாரம் முழுக்க யோசித்தது ஒரு தாராவைப் பற்றி, அதாவது ஒரு வாத்தைப் பற்றி. ஆகவே தாராவிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

2

இராசாத்திக்கு அப்போது இருபத்தைந்து வயது. மட்டக்களப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞர். தாய் தகப்பன் இல்லை. துணைக்குச் சீதேவிப்பிள்ளை மாமி கூட இருந்தார். வீட்டில் ஒரு ரீவி கேம் பெட்டி இருந்தது. அண்ணன் நல்லரத்தினம் காத்தான்குடியில் வாங்கி வந்தது. அதில் ஒரேயொரு விளையாட்டுத்தான் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு தாரா உடைந்த பாலங்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். மொத்தம் அறுபது பாலம். அண்ணனும் தங்கச்சியும் நாற்பதுக்கு மேல் போனதே இல்லை. அறுபதுக்கு அங்கால் என்ன வரும் என்பதுதான் அந்த வீட்டின் பெரிய சண்டை. தாராவுக்குக் கிரீடம் வைப்பார்கள் என்றான் அண்ணன். குஞ்சுகள் காத்திருக்கும் என்றாள் தங்கச்சி. இரண்டு நாள் பேசாமல் இருந்தும் இருக்கிறார்கள்.

பிறகு இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து அண்ணன் சுவிஸுக்குப் போய்விட்டான். சண்டை கடிதத்தில் தொடர்ந்தது. 98 மே மாதம் இராசாத்தி எழுதினாள்: "அண்ணன், அறுபதும் முடிச்சிட்டன். அங்கால என்ன இரிக்கெண்டு இந்த ஊரில எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அண்ணனின் பதில் ஒரே வரி: "பொய். சாட்சி அனுப்பு."

[இந்த நல்லரத்தினத்தை எவ்வளவோ திருத்திப் பார்த்தேன். தங்கச்சி சுகமா என்று கேட்கவில்லை. ஊரில் ஷெல் விழுகிறதா என்று கேட்கவில்லை. இப்படியொரு பாத்திரத்தை எந்த வாசகருக்குப் பிடிக்கும்? ஆனால் மாற்ற வழியில்லை, ஏனென்றால் அந்த நல்லரத்தினம் நான்தான். மூன்றாம் ஆளாக எழுதினால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று நினைத்தேன். இனியும் "அவன்" என்றே எழுதுவேன். திட்டுவதற்கு வசதி.]

இராசாத்தி அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பொய்க்காரி என்று எழுதியது யார்? உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு. சாட்சி அனுப்பியே தீருவது என்று முடிவெடுத்தாள்.

3

ரீவி கேமைப் படம்பிடிக்க மலிவான வழி என்ன? அந்தக் காலத்து மட்டக்களப்பில் இதற்கு ஆலோசனை சொல்ல ஒருவரும் இல்லை. அவள் தேடித் திரிந்ததையெல்லாம் அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள். உங்களில் யாருக்காவது உதவக்கூடும் என்று இங்கே தருகிறேன்.

ஸ்ரூடியோக்காரரைக் கூட்டிவந்து புகைப்படம் எடுப்பது. மலிவு. எடுத்தும் அனுப்பினாள். பிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, ரீவிக்குள் ஒரு பெரிய வெள்ளை உருண்டை மட்டும் விழுந்திருந்தது. "நிலாவைப் படம் எடுத்திருக்கிறாய், வாழ்த்துக்கள்" என்று அண்ணன் எழுதினான்.*

* இதையும் நான்தான் எழுதினேன். ஓம், தெரியும்.

கசெற் ஓட்டுகிற டெக்கை வாடகைக்கு எடுத்து, ரீவி கேமிலிருந்து நேரே வயர் கொடுத்துப் பதிவது. உண்மையில் சரியான வழி இதுதான். ஆனால் வாடகைக் கடைக்காரர் தன்னுடைய எல்லா டெக்கிலும் பதிகிற பொத்தானைப் பிடுங்கிவிட்டு மெழுகு ஊற்றி அடைத்திருந்தார். யாரோ ஒரு வீட்டில் அவருடைய புதுப்படக் கசெற்றின் மேல் பிள்ளையின் பிறந்தநாளைப் பதிந்துவிட்டார்களாம்.

சொந்தமாக டெக் வாங்குவது. அதற்குச் சுவிஸிலிருந்து காசு வரவேண்டும். "எதிராளிக்கிட்டயே கேக்கவா? செத்தாலும் மாட்டன்" என்று எழுதியிருந்தாள்.

கடைசியில் மிஞ்சியவர் காத்தான்குடி பதியுதீன். கலியாண வீடியோக்காரர்; அண்ணன் என்பதற்குக் காத்தான்குடி வழக்கப்படி 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய கமரா அவரிடம் இருந்தது. கலியாண சீசன் இல்லாத மாதம் என்பதால் அரை நாளுக்கு அரை விலை.

"என்னத்த எடுக்கணும் தங்கச்சி?"

"ஒரு தாராவ, நானா."

"கலியாணத் தாராவா?"

"இல்ல, ரீவிக்குள்ள இரிக்கிற தாரா."

தாராவோ மாப்பிள்ளையோ, கமராவுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார் பதியுதீன். இந்த வாக்கியத்தில்தான் எல்லாப் பிழையும் தொடங்குகிறது.

4

விடிய எழும்பி விளையாடத் தொடங்கினாள். பத்து மணிக்கு ஐம்பதாம் பாலம். அங்கே விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு, கரண்ட் போகக்கூடாது என்று மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தாள். கரண்ட் போனால் தாரா முதலாம் பாலத்துக்குத் திரும்பிவிடும்.

பதியுதீனை வழியில் இராணுவச் சென்றிப்பொயின்றில் மறித்தார்கள். கமரா எதற்கு என்று கேட்டார்கள். தாராவைப் படம்பிடிக்க என்று சொன்னால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து, "கலியாணம்" என்றார். யார் வீட்டில் என்றதும் இராசாத்தியின் பெயரைச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற அவளுடைய ஒழுங்கைச் சனம், அதே தெருவில் இருக்கிறவர்கள், அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

அவர் வந்து சேர்வதற்குள் வாசலில் எட்டுப் பேர். ஒருத்தி கையில் வாழைப்பழச் சீப்பு. குசினி அடுப்பை விட்டுச் சீதேவிப்பிள்ளை மாமி ஓடிவந்தார்.

"என்னகா மகள், எனக்கும் சொல்லாம கலியாண எழுத்தா? மாப்பிள எங்க?"

"மாப்பிளயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல மாமி. தள்ளி இருங்க, தாரா விழப்போகுது!"

வந்த சனம் திரும்பிப் போகவில்லை. பாயை விரித்து உட்கார்ந்துவிட்டது. பதியுதீன் கலியாண லைட்டைக் கொளுத்தினார். ரீவி வெள்ளையாகிப் போயிற்று.

"நானா, லைட்ட நூருங்க!"

"லைட் போடாம நான் ஒரு வீட்டயும் எடுத்ததில்ல தங்கச்சி. நாளைக்கு என்ட பேருதான் கெடும்."

பேரம் பேசி, லைட்டைச் சுவர்ப் பக்கம் திருப்ப வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டில் எங்கேயோ தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். யன்னல் அதிர்ந்தது. எல்லோரும் நிலத்தில் குப்புற விழுந்தார்கள், இராசாத்தியும் விழுந்தாள். கையிலிருந்த கேம் பொத்தான்களை மட்டும் விடவில்லை. நிலத்தில் கிடந்தபடியே தலையைத் தூக்கி விளையாடினாள்.

"தாரா போகட்டுங்கா! நீ குனி!" என்று மாமி அவளுடைய தலையைப் பிடித்து அமுக்கினார்.

[இந்த இடத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தேன்: "யுத்தத்தின் நடுவே மனித வாழ்வு ஒரு…" வெட்டிவிட்டேன். நிலத்தில் கிடந்த ஒருவருக்கும் அப்படியொரு நினைப்பு வந்திருக்காது.]

சத்தம் அடங்கியது. சனம் எழும்பியது. ஐம்பத்தொன்பது. அறுபது. தாரா கடைசிப் பலகையில் காலை வைத்தது. வீடே கத்தியது.

இருநூறு கலியாணம் எடுத்தவர் பதியுதீன். சனம் கத்துகிற நேரம் கமரா எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தாலி ஏறும்போது பெண்ணின் முகம். கமராவைச் சட்டென்று திருப்பி, இராசாத்தியின் முகத்தைக் கிட்ட எடுத்தார். பிறகு மாமி. பிறகு வந்த சனம், வயதுக்கு மூத்தவர் முதலாக, ஒருவரையும் விடாமல். நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாது அல்லவா? கடைசியில் கமரா ரீவிக்குத் திரும்பி வந்தபோது, தாரா முதலாம் பாலத்தடியில் புதிதாக நின்றுகொண்டிருந்தது.

டெக் இல்லாத வீடு. கசெற்றைப் போட்டுப் பார்க்காமலே தபாலில் அனுப்பினாள்.

5

கசெற்றை அவன் சுவிஸில் ஓர் அறையில் தனியாக இருந்து பார்த்தான். (அவன் என்ன அவன். நான் பார்த்தேன். இந்தப் பகுதியில் அந்த விளையாட்டு வேண்டாம்.)

ரீவித் திரையில் கறுப்புக் கோடுகள் உருண்டுகொண்டே இருந்தன. தாரா இருக்கிற இடத்தை மட்டுமட்டாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு சத்தம் கேட்டது, பிறகு ஐந்து நிமிடம் கட்டிலுக்கடி மட்டும் தெரிந்தது. பழைய செருப்பு ஒன்று. அதுவும் என்னுடையது. பிறகு சனத்தின் கூச்சல். பிறகு திரை நிறையத் தங்கச்சியின் முகம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். மெலிந்திருந்தாள். மூக்கில் நிலத்துப் புழுதி. வாய் திறந்தபடி, கண் நிறையத் தண்ணீர், சிரிப்பு. கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை தரம் என்று சொன்னால் வெட்கக்கேடு.

தோற்றவளுக்கு அப்படியொரு முகம் வராது. அது எனக்கு முதல் தரமே தெரியும்.

இருந்தும் எழுதினேன்: "அறுபதுக்கு அங்கால் என்ன என்று படத்தில் இல்லை. சாட்சி செல்லாது."

ஏன் என்று கேட்பீர்கள். பயம். சண்டை முடிந்தால் கடிதமும் நின்றுவிடும் என்று பயந்தேன். சண்டை பிடிப்பதைத் தவிர வேறு எப்படித் தங்கச்சியோடு கதைப்பது என்று எனக்குத் தெரியாது.

அவளுடைய பதிலும் ஒரே வரிதான்: "நம்புறன் எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க, பிறகு என்ன வந்ததெண்டு நான் சொல்றன்."

நான் சொல்லவில்லை. டெலிபோன் வந்தது, வாரா வாரம் கதைத்தோம். அரிசி விலை கதைத்தோம், மாமியின் முழங்கால் கதைத்தோம். தாராவைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் வாயே திறக்கவில்லை.

6

கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) நான் ஊருக்குப் போய், அதே பெட்டியில் நானே அறுபது பாலமும் கடந்து… பெட்டி பழுதாகிப் பல வருடம். எனக்கு அறுபதும் வராது.

ஆ) "நம்புகிறேன்" என்று நான் அன்றே எழுதினேன், கடிதம் வழியில் தொலைந்துவிட்டது. அழகான முடிவு. சுத்தப் பொய்.

இ)

இ-யை வெறுமையாக விட்டு ஆறு மாதம். எழுதத் தெரியாமல் இல்லை. அதை எழுத வேண்டிய இடம் காகிதம் இல்லை என்று தெரிந்ததால்.

7

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டெலிபோன் எடுத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். இடையில் இரண்டு திருத்தம் சொன்னாள். வாசலில் எட்டுப் பேர் இல்லை, பதினொரு பேர். மாமி தலையைப் பிடித்து அமுக்கவில்லை, மயிரைப் பிடித்து இழுத்தார். ஐந்தாம் பகுதியில் ஒரு திருத்தமும் இல்லை.

"முடிவு என்ன, அண்ணன்?"

"நம்புறன்" என்றேன். "அண்டைக்கே நம்பினன். சண்டையில நீதான் வெண்ட."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இந்த ஒரு சொல்லுக்கு எட்டு வருசமா அண்ணன் உங்களுக்கு?"

பிறகு சொன்னாள். அறுபதாம் பாலத்துக்கு அங்கால் என்ன வந்தது என்று, முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றும் விடாமல் சொன்னாள். கிரீடமும் இல்லை, குஞ்சும் இல்லை. கேட்டுவிட்டு நான் சிரித்தேன். சிரித்து முடிய நேரமெடுத்தது.

கதையில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வாசிக்கிற ஆக்கள் நம்புவாங்களா?" என்றாள். "முதல் அவங்களக் கேளுங்க. சாட்சி கேக்கிற ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

ஆகவே கேட்கிறேன். இராசாத்தி அறுபது பாலமும் கடந்தாள். நம்புகிறீர்களா?