கொதிக்க வைத்த புழு

எங்கள் நகராட்சிக் கூட்டத்தில் அன்று நான் போட்ட சத்தத்தில், வெளியே நின்ற லிண்டன் மரம் ஒரு இலை பாக்கியில்லாமல் உதிர்த்துவிட்டது. அக்டோபரில் எப்படியும் உதிர்ந்திருக்கும் என்பாள் என் மனைவி மிலோய்கா. என் பெருமையில் கொஞ்சம் செதுக்கி எடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

கத்தாமல் எப்படி? ஊருக்கு மேலே நிற்கும் குன்றைக் குவாரிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். குன்றுக்குள் இருக்கிறது கரடிக் குகை. அந்தக் குகைக்குள், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு குருட்டு வண்டு. வண்டு அங்கே நன்றாகப் பெருகி வாழ்கிறதென்றால் குன்றில் வெடி வைக்க அனுமதி கிடையாது. அழிந்துகொண்டிருக்கிறதென்றால் தாராளமாக வைக்கலாம். இந்த இரண்டில் எது என்று சொல்லத்தான் ஸ்ரேச்கோவை வரவழைத்திருந்தார்கள். லுப்லியானாவில் அவனும் நானும் ஒரே மைக்ராஸ்கோப்புக்கு அடித்துக்கொண்டு படித்தவர்கள். நான் அருங்காட்சியகத்தில் ஒரு கோடி வண்டுகளை ஊசியில் குத்திவிட்டு ஓய்வு பெற்றேன். அவன் நிபுணர் ஆகிவிட்டான்.

நிபுணர் எழுந்தார். தான் குகையில் பிடித்த வண்டுப் புழுவைச் சுவரில் படமாகக் காட்டினார். ஒரு அரிசி நீளம் இருக்காது; சுவரில் பன்றி போலக் கிடந்தது. கண் கிடையாது, இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு. உணர்கொம்பின் நுனியில் மயிர்கள். உடம்பு முழுக்கக் கண்ணாடிப் பை மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது.

"பாருங்க மேயரம்மா, தாடை எவ்வளவு சூம்பிக் கிடக்கு! வயித்துல ஒண்ணுமில்ல. பொட்டுக் கொழுப்பு இல்ல. பட்டினி! அந்தக் குகையில இரையே இல்லீங்க. நாம வெடி வெச்சாலும் வெக்காட்டியும் இந்த வண்டு கத முடிஞ்சுது."

மேயர் அல்பீனா பெருமூச்சு விட்டு, அனுமதியில் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைத் திருகினார்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அநியாயத்துக்குத் தெளிவாக இருந்தது. ஒரு தசை நார்கூட இல்லை. வெறும் தோல்.

"டேய் ஸ்ரேச்கோ, புழுவ எதுலடா ஊறப்போட்ட?"

"எப்பவும் போலத்தான். காஸ்டிக் கரைசல். தோல் நல்லாத் தெரிய வேணாமா?"

"சுட வெச்சா?"

"சுட வெச்சுத்தான். ஏன்?"

அப்போதுதான் லிண்டன் இலைகள் உதிர்ந்தன.

"அடப்பாவி! மேயரம்மா, காஸ்டிக்ல கொதிக்க வெச்சா உள்ள இருக்குற சதை, கொழுப்பு அத்தனையும் கரைஞ்சிரும். தோல்தான் மிஞ்சும். ஞாயித்துக்கிழம நீங்க கோழி சூப் வெக்கிறீங்கல்ல? அதுலேருந்து ஒருத்தன் எலும்ப எடுத்துக் காட்டி, 'ஐயோ பாவம், இது பட்டினி கெடந்தே செத்துருக்கு'ன்னா அவன என்ன செய்வீங்க?"

"கரண்டியாலயே போடுவேன்" என்றார் மேயர்.

ஸ்ரேச்கோவின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "சரிய்யா, கரைஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். முன்னாடி கொழுப்பு இருந்துச்சுன்னு என்ன சாட்சி? இன்னொரு புழுவ உயிரோட கொண்டா. இங்கயே கீறிப் பாத்துருவோம்."

அதே குகையில் நான் எடுத்த இன்னொரு புழு இருந்தது. குகையின் குளிர் வேண்டும் என்பதால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், சாசேஜுக்குப் பக்கத்தில். வசந்த காலத்தில் அது களிமண்ணால் தன்னைச் சுற்றி ஒரு குட்டி அறை கட்டி உள்ளே அடைத்துக்கொண்டது. அதிலிருந்து வண்டு வெளியே வருவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அறையை உடைத்தால் புழு செத்துவிடும். உடைக்காவிட்டால் குகை போய்விடும்.

பின்வரிசையிலிருந்து மிலோய்கா என் காதருகே குனிந்தாள். "அதப் பத்தி வாயத் தொறந்தீங்க, இன்னையிலேருந்து அந்த ஃபிரிட்ஜுலதான் உங்களுக்குப் படுக்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலி நாலைந்தைத் தள்ளிக்கொண்டு ஸ்ரேச்கோவின் மைக்ராஸ்கோப்பிடம் போனேன். ஸ்லைடு இன்னும் அதிலேயே இருந்தது. தோலைக் காஸ்டிக் கரைக்காது. அவன் காட்டியதெல்லாம் வயிற்றுப் பக்கம். நான் குவியத்தைத் திருகித் திருகி முதுகுப் பக்கம் இறங்கினேன். இருந்தது. முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக, முள்முனை போல, இரண்டு பற்கள்.

"வாங்க மேயரம்மா, பாருங்க. முட்டை ஓட்டக் கிழிச்சிட்டு வர்றதுக்கான பல்லு இது. மொத தடவ தோல் உரிச்சதுமே அதோட போயிரும். இதுக்கு இன்னும் இருக்கு. அப்போ இது பொறந்த கொழந்த! ஆனா நீளத்தப் பாருங்க, முழுசா வளந்த வண்டுக்குச் சமம். தின்னு வளரவே இல்ல. அம்மா கட்டிக்குடுத்த சாப்பாட்ட உள்ள வெச்சுக்கிட்டு, பொறக்கும்போதே இவ்வளவு பெருசா பொறந்திருக்கு. திங்கவே வேண்டாதவனுக்கு எதுக்குத் தாடை? பட்டினியாம் பட்டினி! குகையில கொழந்த பொறந்திருக்குங்க. அதப் புடிச்சுக் கொதிக்க வெச்சிட்டான் இவன்!"

மேயர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்ரேச்கோவைக் கூப்பிட்டார். அவனும் குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை.

"பல்லு இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றான், லென்ஸிடம்.

மேயர் பேனாவை மூடினார். குன்று கிடையாது என்றார். குவாரிக்காரர் அறைந்துவிட்டுப் போன கதவு இன்றைக்கும் சரியாகச் சாத்துவதில்லை.

ஜெயித்தும் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து, களிமண் உருண்டையைப் பார்த்து ஸ்ரேச்கோவை மறுபடி முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.

"கத்தாதீங்க" என்றாள் மிலோய்கா.

"அதுக்குக் கேக்காதுடி."

"எனக்குக் கேக்குது. கதவச் சாத்துங்க, உள்ள இருக்குற கொழந்த வெந்துறப்போகுது."