ஏர் ஹாரன்

"எண்ணெய எங்கடா வைக்கிறது?"

கையில் கிண்ணத்தோடு அத்தை கலியம்மாள் தமிழரசனைக் கேட்டாள். பிரேதப் பரிசோதனை முடித்து அரியலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த உடம்பு அது. உச்சியிலிருந்து புருவம் வரை வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தார்கள். செத்தவர்களுக்கெல்லாம் தலையில் வைக்கிற எண்ணெயை இவருக்கு வைக்க இடமில்லை.

"கால்ல வைங்கத்தை."

அப்பா வேணுகோபாலின் பாதத்தில் பெடல் தேய்த்த காய்ப்பு இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல்கடைக்கு இருபத்தெட்டு வருஷம் சைக்கிளிலேயே போய்வந்த கால். நேற்றுக் காலை ஒரு டிப்பரை முந்திக்கொண்டு இன்னொரு டிப்பர் வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டி. ஓரமாகப் போன மனிதரை இழுத்துப் போட்டுவிட்டது. ஓட்டிய அன்பழகன் வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போனான். கூட்டத்தில் ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். தண்ணீர் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த வீடியோ சுற்றிச் சுற்றித் தமிழரசனுக்கே வந்தது. தான் ஓட்டும் டிப்பருக்குள் உட்கார்ந்துதான் அதைப் பார்த்தான். சைக்கிளில் தொங்கிய சாப்பாட்டுப் பையைப் பார்த்த பிறகுதான் யாரென்று புரிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களின் வாயும் சும்மா இல்லை. "அறுபது வயசுல சைக்கிள் எதுக்குங்கிறேன்? ஆட்டோவுல போனா ஆகாதா?" ரோடு என்னமோ லாரிக்காரனுடைய அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி! தமிழரசன் அவர்களை விட்டு எழுந்து போனான். அன்பழகனை நடு ரோட்டில் போட்டு மிதிக்க வேண்டும். அது முடியாவிட்டால் ஜெயிலிலாவது தள்ள வேண்டும். காலையிலேயே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

மூன்று மணிக்கு முருகையன் வந்தார். லாரி டிரைவர்கள் சங்கச் செயலாளர். ஆள் உயர மாலை, வாய் நிறைய வெற்றிலை. மாலையைப் போட்டுவிட்டுத் தமிழரசன் தோளில் கைபோட்டுப் பந்தலுக்கு வெளியே கூட்டிப்போனார்.

"புகார் குடுத்துருக்கியாமே தம்பி. அன்பழகன் நம்ம பய. அவன் மேல தப்பில்லப்பா. சைக்கிள்தான் திடீர்னு குறுக்க வந்துருச்சு."

"எங்கப்பா குறுக்க வர்ற ஆளா? ஓரத்த வுட்டு ஒரு அடி உள்ள வரமாட்டாரு. கூசாம சொல்றீங்களே, வெக்கமால்ல?"

முருகையன் கோபப்படவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "போன வருசம் வரதராஜன்பேட்டை பால்காரன இடிச்சப்ப நீயும் ஸ்டேஷன்ல இதத்தான எழுதிக் குடுத்த? நான் சொல்லச் சொல்ல எழுதுன. அவன் இன்னமும் காலத் தாங்கித் தாங்கித்தான் நடக்குறான்."

அந்தப் பால்காரர் குறுக்கே வரவே இல்லை. பின்னாலிருந்து ஏர் ஹாரனை அலறவிட்டால் சைக்கிள்காரர்கள் பதறிப்போய் மண்ணில் இறங்குவார்கள். அதைப் பார்ப்பதில் தமிழரசனுக்கு ஒரு குஷி. அன்றைக்கு அந்த மனுஷர் இறங்கக் கொஞ்சம் தாமதித்தார், அவ்வளவுதான். வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பா சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஹாரன் அடிக்கிறியே, முன்னால போறவன் மூஞ்சியப் பாத்துருக்கியாடா?"

அதன் பிறகு ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

முருகையனின் கை இன்னும் தோளில் கிடந்தது. புகையிலை நாற்றம். அதைவிடத் தன் உடம்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"புகார வாபஸ் வாங்கமாட்டேன்," என்றான்.

"காரியம் முடியட்டும், பேசிக்கலாம்," என்று முருகையன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். அம்மா சிந்தாமணியைத் தெருமுனையிலேயே பெண்கள் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். கொள்ளிச்சட்டியோடு தமிழரசன் முன்னால் நடக்க, பாடை பின்னால் வந்தது. மெயின் ரோட்டில் ஏறி நூறு அடிகூடப் போகவில்லை, பின்னாலிருந்து ஏர் ஹாரன் அலறியது.

தமிழரசனின் கால்கள் அவனைக் கேட்காமலே தாரை விட்டு மண்ணில் இறங்கின. சட்டி ஆடிப் புகை கண்ணில் ஏறியது. அவன் போன வழியே பாடையும் இறங்கியது. தூக்கியவர்கள் தடுமாறியதில் வேணுகோபால் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தார்.

டிப்பர் வேகத்தைக் குறைக்கவில்லை. தமிழரசன் திரும்பிப் பார்த்தபோது, அப்பாவின் எண்ணெய்ப் பாதங்களில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.