ஏற்றிவிடும் புரதம்

"இந்தக் கண்ண வச்சுகினு உன்ன எப்படிக் கட்டிக்கிறது, வடிவு?" என்று உத்தமன் கேட்டது தொண்ணூற்றிரண்டில், அயனம்பாக்கம் ஏரிக்கரையில்.

"கட்டிக்கோன்னு நான் கேட்டேனா, மாமா?" என்றாள் வடிவு.

பொய். கேட்க வந்ததைத்தான் அவசரமாக விழுங்கியிருந்தாள்.

உத்தமன் அவளுடைய அத்தை மகன். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். பொழுது சாய்ந்தால் எதிரே நிற்கும் எருமைகூடத் தெரியாது. மாலைக்கண் என்று முடிவு கட்டிய கன்னியம்மா அத்தை, ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல் வறுத்துப் போட்டாள். வாசனை வந்தாலே அவன் ஓட ஆரம்பித்தானே தவிர, பார்வை திரும்பவில்லை, ஓரங்களிலும் சுருங்கியது. சொந்தத்தில் கொடுத்தால் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் என்று உறவு மொத்தமும் கைவிரித்தது.

வடிவு விடுகிறவளா? விலங்கியல் முதுகலை மாணவி. அவனைக் கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் சொன்ன பரம்பரை நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு கல்லூரி நூலகத்தைக் குடைந்தாள். தொண்ணூற்றைந்தில் ஒரு சாயங்காலம், அதே கரைக்கு அவனை வரவழைத்தாள்.

"செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பைங்க சரக்கு ஏத்திகினு ஓடிகினே கீது மாமா, லாரி மாதிரி. அதுக்கு டிரைவரும் புரதம்தான். அந்த டிரைவரக் கூட்டிப்போயி வண்டில ஏத்திவுட வேற ஒரு புரதம் வேணும். உனக்கு அதான் இல்ல."

"அப்போ உடம்பு பூரா படுத்துக்கணுமே?"

"அதே வேலை தெரிஞ்ச இன்னொண்ணு கீது. மத்த எடத்துல அது சமாளிக்குது. கண்ணுல மட்டும் அதால முடியல."

"அப்ப ஈரல்?"

"ஈரல் பாவம், அது இன்னா பண்ணும்?"

சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "மருந்து?"

"இன்னும் இல்ல. பார்வை கொறஞ்சிகினேதான் போவும்." அவள் எதையும் மறைக்கவில்லை.

"புள்ளைங்க?"

"இது அத்தைகிட்டேர்ந்து உனக்கு வந்துச்சு. அத்தையோட தம்பிதான எங்க நைனா? அவுரு இன்னிக்கும் ராத்திரில ஆவடிக்கு சைக்கிள் மிதிக்கிறாரு. அவுருக்கு இல்ல, எங்கம்மா வேத்து வழி. அதனால எனக்கும் இல்ல. கோளாறு கீற எக்ஸ் குரோமோசோம அப்பன் பொண்ணுக்குத்தான் குடுப்பான், பையனுக்கு இல்ல. நமக்குப் பையன் பொறந்தா வராது. பொண்ணு பொறந்தா அவ சுமப்பா. கண்ணு பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அவ பையனுக்கு வரலாம். அதுக்குள்ள யாரும் மருந்து கண்டுபிடிக்கலன்னா நானே கண்டுபிடிக்கிறேன்."

"நமக்குன்னா சொன்ன?"

இருட்டிவிட்டது. அவன் முகம் அவள் குரல் வந்த பக்கமே திரும்பியிருந்தது. வடிவு இந்த முறை எதையும் விழுங்கவில்லை.

"அன்னிக்குக் கேக்கல மாமா. இப்ப கேக்குறேன். என்னக் கட்டிக்கோ."