திர்சாவுக்குக் கேட்ட இடம்

என் அக்கா அகஸ்டா என்னைக் கொன்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு இதே நெப்ராஸ்கா ஊரில்தான் இருக்கிறேன். அது யாருக்கும் பெரிதாகப் படுவதில்லை.

அகஸ்டா ஹார்ம்ஸ் நாவல்கள் மருந்துக்கடை, பஸ் நிலையம் என்று எங்கேயும் கிடைக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே அடுப்பில் இருப்பதைத் தீயவிட்ட பெண்கள் அமெரிக்கா முழுக்க உண்டு. அவளுக்குப் பேர் வாங்கித் தந்த நாவலில் திர்சா என்று ஒரு தங்கை வருவாள். என் செம்பட்டை முடி, என் தெற்றுப்பல், என் வாய்த்துடுக்கு எல்லாம் அவளுக்கு. உறைந்த குளத்தில் விளையாடும்போது பனி உடைந்து திர்சா உள்ளே போவாள். அக்கா அவள் கையைப் பிடிப்பாள். சிவப்புக் கையுறை மட்டும் கழன்று வரும்.

நிஜத்தில் நானும் அந்தக் குளத்தில் விழுந்தவள்தான். அகஸ்டா பனிமேல் குப்புறப் படுத்து, என் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று ஓர் அறையும் விட்டாள். அந்த அறை நாவலில் இல்லை.

புத்தகம் வந்த குளிர்காலத்திலிருந்து என் உடம்பில் சூடு தங்குவதில்லை. ஜூலையிலும் கம்பளிக் காலுறையோடு திரிகிறேன். கண்ணாடி முன் தலை வாரும்போது ஈரத் தலையோடு ஒரு சிறுமி பின்னால் நிற்பதுபோல் இருக்கும். நான் திரும்ப மாட்டேன். நீ யார் என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? தெருவில் வெளியூர்க்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு, திர்சா இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று பேசிக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் அகஸ்டா படுத்த படுக்கையானபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"திர்சா, என்னால பிடிக்க முடியலடி. மன்னிச்சிடு."

"நான் வெர்னா. நீதானே என்னை இழுத்துப் போட்ட? இதோ உக்காந்திருக்கேன் பாரு."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "என்னைத் தேத்தறதுக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரம் போய்விட்டாள். என்னைக் காப்பாற்றியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. என்னால் பொறுக்கவே முடியாதது அதுதான்.

இந்தக் குளிர்காலத்தில் மருந்துக்கடை ஹார்லன் போக்ட் ஒரு கேக்கோடு வந்து நின்றார். அகஸ்டா வாசகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வருஷா வருஷம் பிப்ரவரியில் கூடும் வாசகர்கள் குளத்து வேலியில் சிவப்புக் கையுறைகளைத் தொங்கவிட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் திர்சாவைத் தேடி ஏமாந்து போகிறார்களாம். அங்கே எங்கள் குடும்பத்துக்கென்று வாங்கிய நிலத்தில், அம்மா அப்பா காலடியில், அகஸ்டாவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் மிச்சம். அங்கே திர்சாவுக்கு ஒரு கல் வைக்கலாமா என்று கேட்டார்.

"அப்ப என்னை எங்க போடுவீங்க ஹார்லன்? உங்க கடைக்குப் பின்னாடியா?"

அவர் முகம் சிவந்தது. நெடுஞ்சாலை ஓரப் புதுக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல காற்றோட்டம் என்று இழுத்தார். கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பினேன். என் முடி, என் பல், என் அக்கா எல்லாவற்றையும் அவளிடம் விட்டாயிற்று. அந்த இடத்தையாவது விடுவதாக இல்லை.

வாசகர்கள் வரும் சனிக்கிழமை குளத்துக்கே போனேன். எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்து, இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான். கால் மரத்துப்போய் நான் நடந்து சேர்வதற்குள் கூட்டம் சாப்பிட தேவாலயக் கூடத்துக்குக் கிளம்பிவிட்டது. ஒரே ஒருத்தி மட்டும் வேலியருகே நின்றாள். அயோவா பக்கத்துப் பேச்சு, ஐம்பது வயது இருக்கும். மற்றவர்கள் தொங்கவிட்டவை புதுசு. அவள் கட்டிக்கொண்டிருந்தது தேய்ந்துபோன குழந்தைக் கையுறை. அதைக் கவனிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

"ஒண்ணு சொல்லணும்மா. திர்சா சாகல. அது நான்தான். அக்கா என்னை வெளிய இழுத்துட்டா."

அவள் என் பல்லைப் பார்த்தாள், முடியைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நம்பிய முதல் ஆள் அவள்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

அவள் கோபப்படவில்லை. மிசிசிப்பி ஆற்றில் தன் மகள் மேவிஸ் போனதையும், உடம்பு கிடைக்காததையும், ஊரில் எல்லோரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டதையும் மெதுவாகச் சொன்னாள். இங்கே வந்தால் மட்டும் அழத் தோன்றுமாம். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப என் பொண்ணு மட்டும்தான் செத்தாளா?"

எனக்கு முழங்காலுக்குக் கீழே அந்தப் பழைய தண்ணீர் ஏறுவதுபோல் இருந்தது.

"இல்லம்மா," என்றேன். "வயசாயிடுச்சு, ஏதோ உளறிட்டேன். திர்சா செத்துட்டா. நான் அன்னிக்கு இங்கதான் இருந்தேன், என் கண்ணால பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டாள்.

"அவங்க அக்கா பக்கத்துல. கல்லு இன்னும் வைக்கல. பனி உருகினதும் வச்சிடுவாங்க."