வலம் வந்து ஏறிய மலை

சிதம்பரம் கீழ வீதியில் பிறந்து வளர்ந்த கௌரிசங்கருக்கு, மலை ஏறும் பாதைகளை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் பிழைப்பு. பெங்களூரில் ஒரு மலையேற்ற நிறுவனம் படங்களையும் வரைபடத்தையும் அனுப்பும். இவன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பனி விலகுவதையும் பாறை குளிர்வதையும் எழுதித் தள்ளுவான். மலையைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ரயில்வே மேம்பாலத்தைத்தான் காட்டியிருப்பான், பாவம்.

வேலையை நிரந்தரமாக்கும் நேரம் பார்த்து, நிறுவனத்தின் பதிப்பாசிரியர் பிரீதா போனில் பிடித்துக்கொண்டாள்.

“கௌரி, நீங்க கடைசியா எழுதினது மலைய சுத்திப் போற பாதை. சாய்வான பக்கமா ஏறி, மறுபக்கம் படியில இறங்கணும். நீங்க ஏன் தலைகீழா மாத்தி எழுதினீங்க? போனவங்கெல்லாம் நாக்குத் தள்ளி வந்து திட்டுறாங்க.”

“மேடம், நீங்க சொல்ற மாதிரி போனா மலை இடது கைப் பக்கம் வருதே. அப்பிரதட்சணமா எப்படி எழுதறது? கை வரல.”

கோயிலை வலம் வந்தே வளர்ந்த உடம்பு அது. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் நான்கு வீதியையும் வலமாகச் சுற்றித்தான் வீடு திரும்புவான்.

பிரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “இதுவரைக்கும் எத்தனை மலை ஏறியிருக்கீங்க?” என்றாள். “எழுதினதுதான் மேடம்,” என்று இழுத்தான். “இன்னிக்கே ஒரு மலை ஏறி, அதை எழுதி அனுப்புங்க. படிச்சுட்டுதான் வேலையப் பத்திப் பேசுவேன்.”

இந்த வேலை போனால், பெண்ணாடத்தில் மாமா பார்த்து வைத்திருக்கும் கரும்பு லாரி எடை போடும் வேலைதான்.

அடித்துப் பிடித்துக் கடலூருக்கு ஓடினான். கல்லூரி நண்பன் பழனிவேலிடம், ஊரை ஒட்டியிருக்கும் கேப்பர் மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். பைக் முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஓடியது. பின்னால் இருந்தவன் எட்டி எட்டிப் பார்த்தான்.

“மலை எப்ப வரும் மச்சான்?”

“டேய், மலை மேலதான்டா போயிட்டிருக்கோம். ஏறி ரொம்ப நேரமாச்சு.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கம் பக்கமாக மலையை எழுதியவனுக்கு, மலைமேல் இருப்பது தெரியவில்லை!

“கீழ கொண்டுபோய் விடு. நடந்து ஏறுறேன்.”

உச்சி வெயிலில் ஏறினான். பழனிவேல் முதல் கியரில் கூடவே வந்து வேடிக்கை பார்த்தான். பாதி மேட்டில் கௌரிசங்கர் புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டான். அங்கேயே போனில் ஆங்கிலத்தில் எழுதினான்: ‘பைக்கில் வந்தால் இது மலை என்று தெரியாது. நடந்து வந்தால் கெண்டைக்கால் சொல்லும். நான் பாதியில் உட்கார்ந்திருக்கிறேன். நண்பன் சிரிக்கிறான்.’

கொஞ்ச நேரத்தில் பிரீதா கூப்பிட்டாள். “இப்படி எழுதுங்க கௌரி! வேலை உங்களுக்குத்தான். ஆனா திங்கக்கெழம, நீங்க தலைகீழா எழுதின அந்த மலைக்கே போயி, சாய்வான பக்கமா ஏறிப் பாத்து, திருத்தி எழுதணும்.”

திங்கட்கிழமை மலையடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மாடுகூட மேய்ந்துகொண்டே ஏறக்கூடிய சாய்வு. மறுபக்கம் செங்குத்தாகப் படிகள். மூளை சாய்வைப் பார்த்தது. கால் அதன் பாட்டுக்குப் படிக்குத் திரும்பிவிட்டது.

உச்சியில் போய் விழுந்தவன், மூச்சு திரும்பியதும் திருத்தத்தை அனுப்பினான்:

‘மலையை இடக்கைப் பக்கம் வைத்து ஏறவும். சுலபம் என்கிறார்கள். எனக்குத் தெரியாது.’