பிடிக்கிறவளின் கண்

"ரெண்டு ஹெல்மெட் எதுக்குடி?" என்று கேட்டுவிட்டு சுகெங் தட்டை உதைத்தான். சோறும் வறுத்த சோயாத் தெம்பேயும் பட்டறைத் தரையில், இரும்புத் தூளுக்கு நடுவே விழுந்தன.

"ஒண்ணு உங்களுக்கு, மாஸ். ஒண்ணு எனக்கு," என்றாள் அவன் மனைவி லாஸ்மி. குனிந்து சோற்றைப் பொறுக்கினாள்.

"நீ வெல்டிங் வைக்கிறியா?"

"பிடிக்கிறேனே."

"பிடிக்கிறது கை. கைக்கா ஹெல்மெட் மாட்டப் போற?"

பழைய ஹெல்மெட் முந்தாநாள் உடைந்தது. லாஸ்மியின் தோளில். ஒரு பள்ளிக்கூடத்து கேட்டுக்கு அவள் குழாய் பிடித்திருந்தாள். குழாய் விரலகலம் சாய்ந்துவிட்டது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அடித்தான். கண்ணாடி தெறித்து மூலைக்குப் போனது. பிறகு அவனே வந்து அதைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்து வருத்தப்பட்டான்.

சிடோவார்ஜோவில் ரயில் பாதையை ஒட்டிய அந்தத் தெருவில் ஏழு வெல்டிங் பட்டறைகள் உண்டு. ஏழிலும் புருஷன் வெல்டிங் வைப்பான், மனைவி பிடிப்பாள். அவள் செய்வதை அந்தத் தெருவில் யாரும் வேலை என்று சொல்வதில்லை. புருஷனுக்குத் துணையாக இருக்கிறாள் என்பார்கள். ஹெல்மெட்டோ வேலை செய்கிறவனுக்குத்தான்.

பழைய ஹெல்மெட்டை சுகெங் நெற்றிக்கு மேல் தூக்கி வைத்திருப்பான். வெல்டிங் ராடைப் பற்ற வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனதும் தலையை ஒரு வெட்டு வெட்டுவான். ஹெல்மெட் சரிந்து முகத்தை மூடும். லாஸ்மி அந்த வெட்டைப் பார்த்துத் தன் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். பதினோரு வருஷம் இப்படித்தான் நடந்தது. அந்த வெட்டு அவளுக்குக் கிடைத்த எச்சரிக்கை என்பது அவனுக்குத் தெரியாது.

அன்று கடைக்கு அவளையும் கூட்டிப் போனான், பெட்டியைச் சுமக்க. சீனக் கடைக்காரர் கோ ஆலியோங் கல்லாவை விட்டு எழுந்து இரண்டு ஆட்டோ ஹெல்மெட்டுகளை மேஜையில் வைத்தார். ஒன்று வெறும் கறுப்பு. இன்னொன்றில் சிவப்பு நெருப்புக்கு நடுவே கழுகு இறக்கை விரித்திருந்தது. லைட்டரைக் கண்ணாடிக்கு முன்னால் தட்டினார். பொறி பறந்ததும் கண்ணாடி தானாக இருண்டது, மறுபடி தெளிந்தது.

"இனிமே தலைய ஆட்ட வேணாம் தம்பி. போட்டுக்கிட்டே இடத்தப் பாக்கலாம், போட்டுக்கிட்டே பத்த வைக்கலாம். கழுத்து வலி மிச்சம்."

லாஸ்மி கறுப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுல சென்சார் ரெண்டுதானா, கோ?"

"ரெண்டுதான். கழுகுல நாலு. குழாய்க்குள்ள தலைய விட்டு வேலை செய்றவனுக்கு நாலு வேணும். ஒண்ணு மறைஞ்சாலும் இன்னொண்ணு பாக்கும்."

"நாம வைக்கிறது கேட்டும் கிரில்லும். தொண்ணூறு ஆம்பியர தாண்டறதில்ல. பேட்டரி மாத்திக்கலாமா இதுல?"

"மாத்தலாம்." ஆலியோங் சுகெங்கைப் பார்த்துச் சிரித்தார். "வெல்டர் நீயா, வீட்டம்மாவா?"

"கழுகோட விலைக்குக் கறுப்பு ரெண்டு வரும், மாஸ்," என்றாள் லாஸ்மி.

சுகெங் புறங்கையால் அறைந்தான். அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ஆலியோங் லைட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கழுகையே கட்டிரவா?" என்று கேட்டார். கடையில் ஆணி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆணியையே பார்த்தார்கள்.

புதுச் சாமான் வந்தால் அங்கே கஞ்சி வைத்து ஓதாமல் தொடமாட்டார்கள். சாயங்காலம் மாமியார் காஸ்மி சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் கிண்டச் சொன்னாள். கிழிந்த உதட்டோடு லாஸ்மிதான் கிண்டினாள். தெருவிலிருந்து ஐந்து ஆண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கழுகு ஹெல்மெட்டை நடுவில் வைத்து, சுகெங்கின் கண்ணுக்கு ஆபத்து வரக்கூடாது என்று துவா ஓதினார்கள். "இனிமே நீ விமானமே ஓட்டலாம்டா," என்றான் ஒருவன். கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவன் ஹெல்மெட்டை மாட்டியவன் கழற்றவே இல்லை. லாஸ்மி குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் தலையைப் பார்த்திருந்தாள். தலை அசையவில்லை. வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் அடித்தது.

"பத்த வைக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க, மாஸ்."

"சரி சரி."

இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை மறந்தான். பிறகு சொன்னானா என்றே தெரியவில்லை. கட்டிங் மெஷின் சத்தத்தில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எதுவும் வெளியே கேட்காது. முன்கூட்டியே கண்ணை மூடினால் குழாய் சாய்ந்தது. சாய்ந்தால் அவன் ராடாலேயே அவள் முழங்கையில் சுட்டான். மூடாவிட்டால் கண் போனது. பொழுது சாயும்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. காஸ்மி உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அவள் இமைமேல் வைத்துக் கட்டினாள்.

"அடுப்புப் புகைன்னு நெனச்சுக்க," என்றாள். "நான் உன் மாமனாருக்கு இருபது வருஷம் பிடிச்சேன்."

"உங்களுக்கு இப்ப எம்புட்டு தெரியுது, மாக்?"

காஸ்மி முடிச்சை விரலால் தடவித் தேடினாள். கட்டை இறுக்கினாள்.

நான்காம் நாள் சுகெங் காப்பி குடிக்க எதிர்க்கடைக்குப் போனான். ஹெல்மெட் ஸ்டூல்மேல் இருந்தது. லாஸ்மி அதைத் தூக்கித் தலையில் மாட்டினாள். உள்ளே அவன் வேர்வை நாறியது. பட்டறை பச்சையாக, அமைதியாகத் தெரிந்தது. எரிகிற கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அந்த ஊரில் ஆணின் தலையில் இருப்பதைப் பெண் தன் தலையில் வைக்கக்கூடாது. வைத்தால் அவன் சம்பாத்தியம் போய்விடும் என்பார்கள். சுகெங் திரும்பி வந்தபோது அவள் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை எடுத்தான். ஹெல்மெட்டை முதலில் அவள் கையிலிருந்து வாங்கிப் பத்திரமாக ஸ்டூலில் வைத்தான். பிறகு அடித்தான். முதுகில், தொடையில். மறைத்த கையில் விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. மற்ற ஆறு பட்டறைகளிலும் கட்டிங் மெஷின்கள் நின்றன. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின்கள் மறுபடி ஓடின.

எலும்பு கட்டுகிறவர் மணிக்கட்டுக்கு மூங்கில் வைத்துக் கட்டினார். நாற்பது நாள் எதையும் பிடிக்கக்கூடாது என்றார். பள்ளிக்கூடத்து கேட் பாதியில் நின்றது. சுகெங் துரிமின் என்ற ஆளைக் கூலிக்கு வைத்தான்.

துரிமின் குழாயைப் பார்த்தான், ராடு ஹோல்டரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"எனக்கு ஹெல்மெட் எங்க, மாஸ்?"

"நீ பிடிக்கத்தான போற."

"பிடிக்கிறவன் கண்ணு மட்டும் என்ன ரப்பரா? வேற ஆளப் பாத்துக்கங்க."

சுகெங் சிரித்தான். "கோவிச்சுக்காதப்பா." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அரைமணி நேரத்தில் அந்தக் கறுப்பு ஹெல்மெட்டோடு வந்தான். துரிமினின் தலைக்குச் சரியாக இருக்கிறதா என்று பட்டையைத் தானே தளர்த்திக் கொடுத்தான். கதவுக்குப் பின்னால் நின்று லாஸ்மி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் கட்டைப் பிரித்துவிட்டு அவள் ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள். அந்தப் பக்கம் ஹாஜி முனாவிரின் பட்டறை. எட்டு ஆள் வேலை செய்கிற பெரிய இடம்.

"பிடிக்க ஆள் வேணும்னு சொன்னாங்க, பாக்."

முனாவிர் மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைங்கள வச்சதில்ல. பழக்கம் உண்டா?"

"பதினோரு வருஷம்."

"யார்கிட்ட கூலி?"

"கூலி இல்ல. வீட்டுக்காரர்கிட்ட."

அவர் வாயிலிருந்த கிரெட்டெக் சிகரெட்டை எடுத்தார். "தெரிஞ்சுதான் வந்தியா? சண்டை வரும்."

"வரும், பாக். ஹெல்மெட் குடுத்தா நிக்கிறேன்."

சுவரில் நான்கைந்து தொங்கின. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். லைட்டர் கேட்டு வாங்கித் தட்டிப் பார்த்தாள். ஒன்று மெதுவாக இருண்டது, வேண்டாம் என்று வைத்தாள். ஒன்றில் கண்ணாடி ஓரம் விரிசல். கடைசியாக எடுத்ததில் பெயிண்ட் உரிந்திருந்தது, ஆனால் பொறி பட்டதும் இருண்டது. அதை மாட்டிக்கொண்டு அங்கிருந்த வெல்டர் ஒருவனுக்குக் குழாயைப் பிடித்தாள். மணிக்கட்டு வலித்தது.

ராடு தொட்டது. கண்ணை மூடப் போனவள் மூடவில்லை.

இத்தனை வருஷத்தில் அவள் வெல்டிங்கைப் பார்த்ததே இல்லை. இருட்டுக்கு நடுவில் மிளகளவு இரும்பு உருகி மெல்ல நகர்ந்தது. அதன் பின்னால் சின்னச் சின்ன வளையங்கள் விழுந்துகொண்டே வந்தன. இவ்வளவு சின்னதா என்று நினைத்தாள்.

பத்து மணிக்கு சுகெங் வாசலில் வந்து நின்றான். கையில் இரும்புக் கம்பி இருந்தது. வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வெளிய வாடி."

ராடு எரிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை விடவில்லை, திரும்பவும் இல்லை.

"உன்னத்தான்டி."

அவன் ஒரு அடி உள்ளே வைத்தான். வெளிச்சம் முகத்தில் அடித்தது. கழுகு ஹெல்மெட் வீட்டில் இருந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"அடுத்த இடம்," என்றாள் லாஸ்மி வெல்டரிடம்.