நைனா கட்டின ஃபீஸ்

மகிழினி படிக்கிற மருத்துவக் கல்லூரியை அரசாங்கமே எடுத்துக்கொண்டது என்று டிவியில் சொன்ன அன்றைக்கு, எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் ஜெயவேல் பண்ணின அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. பிரியாணி அண்டா இறங்கியது. பிளாக்குப் பசங்கள் சாயங்காலத்துக்குள் பேனர் அடித்துக் கட்டிவிட்டார்கள். அதில் மகிழினி வெள்ளைக் கோட்டோடு சிரித்தாள். தலைக்கு மேல் அம்பேத்கர், காலடியில் 'எங்கள் பிளாக்கின் கவர்மென்ட் டாக்டர்' என்று சிவப்பு எழுத்து. இன்னும் கடைசி வருஷப் பரீட்சையே எழுதவில்லையே என்று அவள் அம்மா மதி சொன்னதை யாராவது காதில் வாங்கினால்தானே?

"இனிமே கவர்மென்ட் ஃபீஸுதான் மாமு. கடனு கிடனு எல்லாம் ஒயிஞ்சிது," என்று கூட்டாளி எத்திராஜின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஜெயவேல் அழுதான்.

அழ வேண்டியவன்தான். இருவரும் டிரெய்லர் டிரைவர்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னரை இழுத்துக்கொண்டு துறைமுக வரிசையில் நின்று நின்றே முதுகு போனவர்கள். மகள் நன்றாகப் படிக்கட்டும் என்று ஜெயவேல் அவளைச் சர்ச் ஸ்கூலில் சேர்த்தான். கடைசியில், கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குத்தான் இலவச டாக்டர் சீட்டு, உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்தவனுக்கு இந்த ஊர் கொடுக்கிற பரிசைப் பாருங்கள். மார்க் இருந்ததால் அத்திப்பட்டைத் தாண்டி இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. பேங்க் லோன் போட்டான். லோன் பணம் தீர்ந்ததும் மதியின் கழுத்தில் கிடந்தது போனது, அப்புறம் காதில் கிடந்ததும் போனது.

பிரியாணி செரிப்பதற்குள் ஆர்டர் வந்தது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குத்தான் அரசுக் கட்டணமாம். ஏற்கெனவே படிக்கிறவர்கள் முடித்துவிட்டுப் போகும்வரை பழைய கட்டணமே கட்டவேண்டுமாம். அதே கட்டடம், அதே வாத்தியார், அதே கேன்டீன் சாம்பார். முதல் வருஷத்துப் பிள்ளைக்குப் பதினைந்தாயிரம், மகிழினிக்கு ஐந்து லட்சம். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ!

பிள்ளைகள் கல்லூரி வாசலில் ஷாமியானா போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்தது மகிழினி. அவள் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பார்கள்? நடக்கத் தெரியாத வயதில் அப்பன் தோளில் உட்கார்ந்து யார்டு கேட்டில் கோஷம் கேட்டு வளர்ந்தவள் அவள். அப்போது ஜெயவேலும் எத்திராஜும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தார்கள். பர்மனென்ட் கேட்டு ஸ்ட்ரைக் நடந்தது. வாரக்கணக்கில் அடுப்பு எரியாத வீடுகளிலிருந்து கொஞ்சம் பேர் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்கு உள்ளே போனார்கள். போனவனுக்கெல்லாம் பர்மனென்ட். கடைசிவரை வெளியே நின்றவனுக்குத் தெரு.

உள்ளே போனவர்களில் ஒருவன் மதியின் கூடப்பிறந்த அண்ணன். குழந்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வேறு வழியில்லை என்று வந்து கெஞ்சினான். "கருங்காலி" என்று ஒரே வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்தினான் ஜெயவேல். பிறகு அந்த மச்சான் செத்தபோதும் போகவில்லை. மதி தனியாகப் போய்த் தனியாக அழுதுவிட்டு வந்தாள்.

"ஒருத்தன் உள்ள போனா எல்லாரும் செத்தோம். ஞாபகம் வெச்சிக்க கண்ணு," என்று மகளுக்கு அவன் சொன்னதுதான் அவளுக்குத் தாலாட்டு. ஷாமியானாவில் அவள் அதையே மைக்கில் சொன்னாள். அந்த வழியாகக் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்காரர்கள் எல்லாரையும் ஜெயவேல் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான்: "கேட்டாண்ட போறப்போ ஒரு ஹாரன் அட்ச்சிட்டுப் போங்கப்பா. எம் பொண்ணு குந்திகினு கீது." அதற்கப்புறம் எந்த டிரெய்லர் போனாலும் ஹாரன்தான். பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். ஜெயவேலின் வண்டி வருகிறபோது மட்டும் மகிழினி மைக்கிலேயே, "நைனா, சாப்ட்டியா?" என்பாள். கூட்டமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அவன் அந்தப் பக்கத்து ட்ரிப்பைக் கேட்டு வாங்கினான்.

அப்புறம் நோட்டீஸ் ஒட்டினார்கள். பணம் கட்டாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

"கம்னு கெட. இதெல்லாம் மெரட்டல். யார்டுலயும் இப்டித்தான் ஒட்டுனானுங்க," என்றான் ஜெயவேல்.

மதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள். "யார்டுல இன்னாய்யா ஆச்சு? ஜெயிச்சியா? எங்கண்ணன் சாவுக்குக்கூட வராம வீம்பு புட்ச்சியே, அதுக்கு யாரு வந்து உனக்கு மால போட்டா? உன் வீம்புக்கு நா பட்டேன். எம் பொண்ணும் படணுமா? அதுக்கு ஒரு வருசம் போச்சுன்னா மறுபடி எந்திரிக்குமாய்யா அது?"

ஜெயவேல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். உள்ளே போனவர்கள் இன்றைக்குச் சொந்த வீட்டில் பென்ஷனோடு இருக்கிறார்கள். தான் இன்னும் ட்ரிப்புக் காசுக்கு வரிசையில் நிற்கிறோம் என்பது அவன் வாயால் ஒருநாளும் சொல்லாத விஷயம். சொல்லாவிட்டால் தெரியாதா என்ன?

அவன் போட்ட கணக்கு இதுதான். பிள்ளை பாட்டுக்குப் போராடட்டும். பணத்தை நாம் சத்தமில்லாமல் கட்டிவைப்போம். ஜெயித்தால் சந்தோஷம். தோற்றால் ஹால் டிக்கெட் ரெடி. யாருக்குத் தெரியப்போகிறது? மகளிடம் சொன்னால் விடமாட்டாள், அதனால் சொல்லவில்லை. போர்டு வீட்டை லீசுக்கு விட்டு அந்தப் பணத்தை மொத்தமாக வாங்கினான். மதி அம்பேத்கர் படத்தையும் புத்தர் காலண்டரையும் முதலில் இறக்கித் துணியில் சுற்றினாள். ஹாஸ்டலும் பந்தலுமாகக் கிடந்த மகளுக்குத் தெரியாமலேயே திருவொற்றியூரில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள்.

பணம் கட்டப் போன அன்று, மகள் உட்கார்ந்திருந்த முன்வாசலைத் தவிர்த்துப் பின்பக்கத்து மார்ச்சுவரி வழியாக ஜெயவேல் கல்லூரிக்குள் நுழைந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கேட்டைத் தாண்டினான். மச்சானின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கால் கூசியது. இருந்தும் போனான், பெற்றவன் அல்லவா?

மறுநாள் மத்தியானம் எத்திராஜ் போன் செய்தான்.

"இன்னா மாமு, காலேஜாண்ட மைக்குல ஒரு ஆபீசரு உம் பொண்ணு பேரைச் சொல்லினுகீறான். உங்க தலைவியே ஃபீஸ் கட்டிட்டாங்க, நீங்க யாருக்காகக் குந்தினுகீறீங்கன்னு கேக்குறான். பொய்தானே?"

ஜெயவேல் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான்.

"மாமு, பொய்தானே சொல்றான்?"

போனில் டிரெய்லர்கள் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. எத்திராஜ், "சரி மாமு. சாப்ட்டு தூங்கு," என்று வைத்துவிட்டான். மச்சானை ஜெயவேல் சொன்ன அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜெயவேலுக்கு.

பின்னாலேயே மகிழினியின் போன். "கட்டினியா நைனா?"

"கண்ணு, நா இன்னா சொல்றேன்னா..."

"எதை வித்த?"

"விக்கலமா. வூட்ட லீசுக்கு வுட்டுகீறேன். அவ்ளோதான்."

அவள் அழுவது கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது. எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

பரீட்சை அன்றைக்கு ஜெயவேல் ட்ரிப்புக்குப் போகாமல் கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றான். மகள் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பேட்ச் முழுக்க ஷாமியானாவில்தான் இருந்தது. மகிழினியைத் தவிர ஒருத்தருக்கும் ஹால் டிக்கெட் இல்லை. மகிழினி வந்தாள். நேராகப் போய் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்காரப் போனாள். ஒருவர்கூட நகர்ந்து இடம் விடவில்லை. அவளோடு மாறி மாறி மைக் பிடித்த ஷிபின் எழுந்து வந்தான். மார்த்தாண்டத்துப் பையன். நல்ல பையன்தான், அதுதான் கொடுமை.

"மகி, நீ போய் எழுது. உனக்கு டிக்கெட் வந்தாச்சுல்லா? இங்க இருந்தா எல்லாரும் கண்டமேனிக்குப் பேசுவாவ. என்னால தடுக்க முடியாது."

அவள் கல்லூரி வாசலைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். பிறகு ரோட்டைத் தாண்டி வந்து, சாலையோரச் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயவேல் ஓடினான். "உள்ள போ கண்ணு. மணி ஆவுது. உங்கால்ல வேணாலும் வுயுறேன், போ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. "நீ என்னைக்காவது உள்ள போனியா நைனா?"

பெல் அடித்தது. பெரிய பரீட்சைக் கூடத்தில் காலி பெஞ்சுகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள் போல. பரீட்சை நடந்த எல்லா நாளும் அவள் அந்தக் கட்டைச் சுவரில்தான் இருந்தாள். பந்தலில் சோறு வந்தால் அவளுக்குக் கொண்டுவர ஆள் இல்லை. டீக்கடைக்காரர் கொடுத்த பன்னைச் சாப்பிட்டாள். ஜெயவேல் அதற்குமேல் பக்கத்தில் போகவில்லை. வண்டியில் அந்த வழியாகப் போவான், ஹாரனில் கை வைக்கமாட்டான்.

அப்புறம் ஒருநாள் அரசாங்கம் இறங்கி வந்தது. எல்லா வருஷத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டணம், அரசுக் கட்டணம். பரீட்சை எழுதாதவர்களுக்கு உடனே சிறப்புத் தேர்வு. மணலியில் லோடுக்கு நின்றபோது எத்திராஜ் ஓடிவந்து சொன்னான். ஜெயவேல் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் கும்பிட்டான். அந்த நேரம் பார்த்து மகிழினியின் போன் வந்தது. எத்தனை நாளுக்கு அப்புறம்!

"நைனா, இந்தப் பக்கம் ட்ரிப்பு கீதா? என்ன வந்து இட்டுகினு போறியா?"

"தோ வந்துட்டேன் கண்ணு!"

வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. மன்னித்துவிட்டாள், எம் பிள்ளை மன்னித்துவிட்டாள் என்று கிளீனர் இல்லாத வண்டியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். கல்லூரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே டிரெய்லர் வரிசை ஊர்ந்தது. வாசலில் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டைச் சுவரில் பையோடு உட்கார்ந்திருந்த மகிழினி எழுந்துவந்து கேபினில் ஏறினாள். இளைத்துப் போயிருந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களே கண்ணு! ஸ்பெசல் பரீச்ச எப்போ? படிக்க புக்கு கிக்கு வேணுமா?"

"எனக்கு இல்ல நைனா."

"இன்னா இல்ல?"

"ஹால் டிக்கெட் குடுக்காம வுட்டாங்களே, அவங்களுக்குத்தான் ஸ்பெசல் பரீட்சை. எனக்குத்தான் டிக்கெட் குடுத்தாங்களே. குடுத்தும் நான் வரல. ஆப்சென்ட்டுன்னு போட்டுட்டாங்க. ஆபீசுல எல்லார்கிட்டயும் கேட்டுப் பார்த்துட்டேன். ஜூனியர் பேட்ச்சோட அடுத்த வருசந்தான் எழுதணுமாம்."

ஜெயவேலுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது வண்டி தானாக நின்றுவிட்டது. பின்னால் இருக்கிறவன் கத்தினான். எதற்குப் பயந்து வீட்டைக் கொடுத்தானோ, எதற்குப் பயந்து பின்வாசலில் தலை குனிந்தானோ, அதையே தன் கையால் செய்து மகள் தலையில் போட்டிருக்கிறான். கட்டாமல் சும்மா இருந்திருந்தால் போதும், பாவி. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும்.

"என்னத் திட்டு கண்ணு. வாய்க்கு வந்தபடி திட்டு. நா கருங்காலி. உம் மாமன அப்டிச் சொன்ன வாயி இது. சொல்லு, நீயும் சொல்லு."

"எப்டித் திட்டுவேன்? எனக்காகத்தான குடுத்த." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அதான் நைனா, உன்னத் திட்டக்கூட முடில."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பின்னால் ஹாரன்கள் கிழித்தன. "வண்டிய எடு நைனா," என்றாள் அவள் மெல்ல. எடுத்தான்.

முன்னால் போன டிரெய்லர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தன. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் துள்ளிக் கை தட்டினார்கள். ஷிபினை யாரோ தோளில் தூக்கிவைத்திருந்தார்கள். ஜெயவேலின் முறை வந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான். அந்தக் கைக்கு ஹாரன் அடிக்கிற யோக்கியதை இல்லை.

மகிழினி சீட்டில் தணிந்து உட்கார்ந்து, வெளியே தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பன் கைக்குக் குறுக்கே கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். வாசலில் இருந்த கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பிக் கை தட்டியது. யார் அடிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட் பின்னால் போய்ச் சத்தம் அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.